மச்சான் பிடித்த கயிறு

கயிறு சூடாக இருந்தது.

கிணற்றுக்குள் தொங்குகிற கயிறு ஈரமாக இருக்கலாம், குளிர்ந்திருக்கலாம், பாசி பிடித்து வழுக்கலாம். சூடாக இருக்கக் கூடாது. அதுவும் மொத்தக் கயிறும் சூடாக இல்லை. பிடிக்கிற இடத்தில் மட்டும், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, இப்போதுதான் யாரோ பிடித்திருந்து விட்டுப் போனது போன்ற சூடு. பேருந்தில் ஒருவர் எழுந்த இருக்கையில் உடனே உட்கார்ந்தால் தொடையில் ஏறுமே, அந்த அருவருப்பான மனிதச் சூடு. பெவின் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. மதியம் முழுக்க விளக்கு கட்டுகிறவர்களும் நாற்காலி தூக்குகிறவர்களும் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்ததும் எல்லோரும் பந்தலைக் காப்பாற்ற வெளியே ஓடிவிட்டார்கள். நாளைக் காலையில் விழா. அருங்காட்சியகம் தொடங்கி நூற்றைம்பது ஆண்டு. கலெக்டர் வருகிறார், சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். வாசலில் சிவப்புக் கம்பளம் சுருட்டியபடி பிணம் மாதிரி கிடக்கிறது.

கட்டடம் பழைய கிட்டங்கி. வெள்ளைக்காரன் பஞ்சுப் பொதியும் சங்கு மூட்டையும் அடுக்கிவைத்த இடம். முத்துக்குளிப்புச் சிறப்புக் கண்காட்சிக்காக நடுக்கூடத்துப் பலகைகளைப் பெயர்த்தபோது அடியில் ஒரு கிணறு வாயைத் திறந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற உப்புத் தண்ணீர். மூடிவிடலாம் என்றான் அங்கே உதவியாளனாக இருக்கும் பெவின். காப்பாட்சியர் ஜெயலக்ஷ்மிக்குக் கண் மின்னியது. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். நினைத்தால் நினைத்ததுதான்.

"எதுக்கு மூடணும் பெவின்? பெருமாளாப் பாத்துக் குடுத்திருக்கார். மேல தோணி, கீழ தண்ணி, தண்ணிக்குள்ள குளியாள். வேற எந்த மியூசியத்துல இருக்கு, சொல்லுங்கோ?"

அப்படியே ஆயிற்று. கிணற்று வாய்க்கு மேல் பழைய தோணி ஒன்றின் பாதி உடலைத் தூக்கி நிறுத்தினார்கள். மதுரையில் இரண்டு ஃபைபர் பொம்மைகள் செய்யச் சொன்னார்கள். ஒன்று மூழ்குகிற குளியாள். மற்றது தோணியில் நின்று கயிறு பிடிப்பவன். கயிறு பிடிப்பவன் லாரியிலேயே இடுப்பு ஒடிந்துபோனான். குளியாள் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தான். கயிறு நிஜக் கயிறு. இருப்பு அறையில் கிழிந்த பாய்மரத் துணிக்கு அடியில் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

அதைக் கட்டுவதற்குத்தான் நேற்று செபாஸ்டின் வந்தான்.

செபாஸ்டின், பெவினின் தங்கை பெர்சியின் கணவன். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. கோவிலில் பெண் பக்கம் நின்றது பெவின் ஒருவன்தான். "நீதான முன்ன நின்னு கட்டிக் குடுத்த. நாளைக்கு அவ தாலி அறுத்துட்டு வந்து நின்னா நீதாம்லே பதில் சொல்லணும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. பெர்சி இப்போது நிறைமாதம்.

செபாஸ்டின் கயிற்றின் முனையை விரலில் உருட்டிப் பார்த்தான்.

"மச்சான், இதப் பாத்தியா? அவுத்த கயிறு இல்ல. அறுத்தது."

"பழசுல்லா மாப்ள. இத்துப்போயிருக்கும்."

"இத்துப்போனா பிசிறடிக்கும்லே. இது கத்தி போட்டது."

"யாரு போட்டிருப்பா?"

"மேல நின்னவன்தான். கீழ கெடக்கவனுக்குக் கயித்த அறுக்க என்ன வேண்டுதல்?"

பெவின் சிரித்தான். செபாஸ்டின் சிரிக்கவில்லை. அது ஒரு நொடிதான். பிறகு கயிற்றைத் தன் இடுப்பிலேயே சுற்றி முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டு வழக்கமான நக்கலை ஆரம்பித்தான்.

"இதுக்குத்தான் எங்காளுவ கயித்த மச்சான் கையில குடுக்கது. கூடப்பொறந்தவன் புடிச்சா பங்குக்கு ஆசப்படுவான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன் புடிச்சா தங்கச்சி தாலிக்குப் பயப்படுவான். புடிச்சா புடிச்சதுதான். ஆளு மேல ஏறுத வரைக்கும் ஒண்ணுக்கு முட்டுனாலும் விடப்படாது. நீ எங்கன புடிக்கப் போற? சாக்பீஸு புடிக்க பரம்பர."

"ஏலே, குடு பாப்போம்" என்று பெவின் தோணியில் ஏறிக் கயிற்றைப் பிடித்தான்.

ஜெயலக்ஷ்மி மேடத்துக்கு அந்தக் காட்சி பிடித்துவிட்டது. அப்படியே இருங்கோ, செபாஸ்டின் கொஞ்சம் தண்ணிக்குள்ள இறங்குங்கோ, பேனருக்கு ஆகும் என்றார். செபாஸ்டின் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மாதாவைக் கும்பிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கோமாளி மாதிரி இறங்கினான். தண்ணீர் அவன் தலைக்கு மேல் மூடியது. கையில் கயிறு விறைத்தது. மேடம் கைபேசியில் படம் எடுத்தார்.

"சூப்பர் பெவின். இங்க வந்து பாருங்கோ, எப்படி வந்திருக்குன்னு."

பெவின் கயிற்றை விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போனான்.

அவ்வளவுதான் நடந்தது. கயிறு முழுக்கத் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. படத்தைப் பார்த்து முடித்து அவன் திரும்பியபோது செபாஸ்டின் தானாகவே செங்கல் இடுக்குகளைப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான் இன்னும் மேல வரலயேலே, மச்சான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் பொம்மைக்குக் கட்டினான், பொம்மையின் காலில் ஆழத்துக்கு இழுக்கும் குளிக்கல்லைக் கட்டி இறக்கினான், கயிற்றின் மறுமுனையைத் தோணி விளிம்பில் சுற்றினான், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாங்கி வைத்திருந்த டீயைக் குடிக்கவில்லை.

இன்று அந்தக் கயிறு சூடாக இருக்கிறது.

கூடத்தில் வேறொரு வாடையும் இருந்தது. காலையிலிருந்தே லேசாக இருந்ததுதான், எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தாயிற்று. இப்போது மழைக் காற்று நின்றதும் அது தொண்டை வரைக்கும் இறங்கியது. கரையில் குவித்த சிப்பி வெயிலில் அழுகி, புழு தின்று, முத்து உதிர்வதற்காகக் காத்துக் கிடக்கும்போது எழும் வாடை என்று அவனே சுவரில் ஒட்டுவதற்காக எழுதியிருந்தான். எழுதினானே தவிர முகர்ந்ததில்லை. அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இதுதான் அது என்று மூக்குக்குத் தெரிந்தது.

கைபேசி அடித்தது. பெர்சி.

"அண்ணே, இவரு இன்னும் கரைக்கு வரல."

"மழைல்லாளா. எங்கயாவது ஒதுங்கியிருப்பான். எதுக்குப் போட்டு அனத்துத?"

"கூடப் போன ரெக்சன் வந்துட்டான் அண்ணே." அவள் குரல் உடைந்தது. "தண்ணிக்குள்ள எறங்குனாராம். வாயில கடிச்சிருந்த காத்து ஓசு மட்டும் மேல வந்துச்சாம். ஆளக் காணுமாம். நாலு வத்தைப் படகு போட்டுத் தேடிக்கிட்டிருக்காவளாம். மத்தியானமே நடந்துருக்கு, எங்கிட்ட இப்பதான் சொல்லுதாவ. அண்ணே, நீ வா அண்ணே."

"வாரேன். நீ வீட்ட விட்டு எறங்காத. இந்தா வந்துட்டேன்."

அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. பெவின் வண்டிச் சாவியை எடுத்தான். இரண்டடி வைத்திருப்பான்.

பின்னால் தோணி முனகியது.

பழைய மரம் ஈரக்காற்றில் முனகும். அவன் திரும்பாமல் போயிருக்கலாம். திரும்பினான். தோணியின் விளிம்பில் கயிறு நேராக விறைத்து நின்றது. தளர்ந்தது. மறுபடி விறைத்தது. கீழே இருப்பவன் மூச்சு முட்டும்போது கயிற்றை வெட்டி இழுப்பான், மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். இதையும் அவன்தான் சுவரில் எழுதியிருந்தான்.

பொம்மை. பொம்மைதான். கல் நழுவியிருக்கும்.

தண்ணீர் கலங்கியது. ஃபைபர் குளியாள் குப்புற மிதந்து வந்தான், புரண்டு மல்லாந்தான், பெயிண்ட் அடித்த கண்ணால் கூரையைப் பார்த்தான். அவன் இடுப்பில் கயிறு இல்லை. காலில் கல் இல்லை.

கயிறு மறுபடியும் வெட்டி இழுத்தது.

பெவின் தோணியில் பாய்ந்து ஏறியது யோசித்து இல்லை. கை தானாகப் போனது. பிடித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கீழே ஆள். கல்லின் கனம் வேறு, ஆளின் கனம் வேறு. ஆள் துடிப்பான். அந்தத் துடிப்பு கயிற்றின் முறுக்கில் ஏறி, உள்ளங்கையில் ஏறி, முழங்கையில் வந்து அடித்தது. எங்கோ கடலில் தொலைந்தவன் இந்தக் கிணற்றுக்குள் எப்படி இருப்பான் என்று அவன் புத்தி கேட்டது. புத்தி கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று அவன் இழுத்தான்.

"மாப்ள! ஏலே செபாஸ்டின்! புடிச்சிருக்கேம்லே!"

அப்போது மின்சாரம் போனது. கூடம் ஒரேயடியாகக் கறுத்து, பிறகு உயரத்து ஜன்னல்களில் அந்தி வெளிச்சம் மீன் செதில் போல் ஒட்டிக்கொண்டது. வெளியே பந்தலுக்கான ஜெனரேட்டர் தடதடவென்று உயிர்த்தது.

"நேசக்குமார் அண்ணாச்சி!" காவலாளியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். "யாராவது வாங்க! ஆளு உள்ள கெடக்கு!"

ஜெனரேட்டர் சத்தம் அதைத் தின்றது. யாரோ மைக்கில் ஒன்று, இரண்டு என்று சொல்லிப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

அவன் இழுத்தான். கயிறு வந்தது. ஈரக்கயிறு காலடியில் விழுந்து சுருண்டது, சுருளின் மேல் சுருள் விழுந்தது, கணுக்கால் வரை ஏறியது, முழங்கால் வரை ஏறியது. கிணற்றின் ஆழத்தை அவன் அறிவான். நீளமான மூங்கில் விட்டு அளந்திருக்கிறார்கள். இருப்பு அறையில் கிடந்த கயிற்றின் நீளத்தையும் அறிவான். இது அந்தக் கயிறு இல்லை. இவ்வளவு கயிறு அந்த அறையில் கிடந்திருக்க முடியாது. ஒவ்வொரு பாகமும் முந்தியதைவிடக் குளிர்ந்து வந்தது. பாசி ஒட்டி வந்தது. பிறகு சிப்பி ஒட்டி வந்தது. சிப்பிகளின் வாய் அவன் தோலைக் கிழித்தது. உள்ளங்கை வழுவழுத்தது. ரத்தம்.

நின்றுவிட்டது.

பலம் அத்தனையும் போட்டு இழுத்தான். வரவில்லை. கீழே துடிப்பு மெலிந்துகொண்டிருந்தது. தோணியின் குறுக்குக் கட்டையில் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடி ஆள் கூட்டி வரலாம். ஒரு சுற்றுச் சுற்றினான். மரத்தைத் தொட்டதும் கயிறு எண்ணெய் பூசியது போல வழுக்கிச் சரசரவென்று கீழே ஓடியது. பாய்ந்து பிடித்தான். நின்றது. மறுபடி சுற்றிப் பார்த்தான். மறுபடி ஓடியது. மரத்தில் நிற்கவில்லை. கையில்தான் நின்றது.

கைபேசி அடித்தது. ஏறும்போது பலகையில் விழுந்து கிடந்த அதை முழங்கையால் அழுத்தினான். ஸ்பீக்கரில் விழுந்தது.

"அண்ணே! வந்துட்டாரு அண்ணே!"

அவன் கைபேசி பக்கம் குனிந்தான். "என்னளா சொல்லுத?"

"வந்துட்டாரு. வீட்டுக்குள்ள நிக்காரு. ஏசப்பா, ஸ்தோத்திரம். நடந்தே வந்திருக்காரு போல. சொட்டச் சொட்ட நனஞ்சு நிக்காரு." அவள் அழுதாள், சிரித்தாள். "நீ வர வேண்டாம் அண்ணே. மெதுவா வா."

பெவினும் சிரித்துவிட்டான். கண்ணில் நீர் முட்டியது. விட்டுவிடலாம். விரலைத் தளர்த்தினான்.

கயிறு இழுத்தது. மிக லேசாக. தூங்குகிறவனின் சட்டையைக் குழந்தை பிடித்து இழுப்பது போல.

"பெர்சி. அவன்கிட்ட போனக் குடு."

"பேச மாட்டேங்காரு அண்ணே. பயந்துட்டாரு போல. துவட்டத் துவட்டத் தண்ணி நிக்க மாட்டேங்கு. தலையில இருந்து ஊத்திக்கிட்டே இருக்கு. தரையெல்லாம் தண்ணி." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரே நாத்தம் அண்ணே. சிப்பி அழுவுன மாதிரி."

"மூஞ்சியப் பாத்தியா?"

"கரெண்ட் இல்ல. அவரு சட்டதான் போட்டிருக்காரு."

"மூஞ்சியப் பாத்தியாளா?"

தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது கைபேசியிலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்து வந்ததா?

"அண்ணே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இடுப்புல ஒரு துண்டுக் கயிறு கட்டியிருக்காரு. பழசு. முனை கத்தி போட்டு அறுத்தாப்ல கையில தட்டுப்படுது. தோலுக்குள்ள பதிஞ்சு கெடக்கு. காலையில போவையில இது இல்ல."

"வெளிய வா. பெர்சி, ஒண்ணும் கேக்காத. கதவத் தொறந்து வெளிய ஓடி வா."

"கதவுகிட்ட அவருல்லா அண்ணே நிக்காரு."

திரேஸ்புரம் பக்கம்தான். வண்டியை முறுக்கினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். தங்கை. வயிற்றில் பிள்ளை. இருட்டில் அது. போக வேண்டும். கையை விட்டால் போதும்.

கீழே இருப்பவன்?

மச்சான் என்று அவனைக் கூப்பிட்ட ஒரே ஆள். அப்பா வராத கல்யாணத்தில் அவன் கையைப் பிடித்து, எனக்கு நீ போதும்லே என்றவன். நேற்று இந்தக் கைதான் விட்டது. ஒரு படம் பார்ப்பதற்காக.

விட முடியாது.

போகாமல் இருக்கவும் முடியாது.

"ஆண்டவரே," என்றான். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. "மாப்ள, ஒரு தம் புடிலே. ஒரே ஒரு தம். ஒனக்குப் புள்ள பொறக்கப் போவுதுலே."

கைபேசியில் தாழ்ப்பாள் விழும் சத்தம். இரும்பு இரும்பில் நிதானமாக உட்காரும் சத்தம். பிறகு யாரோ கைபேசியை எடுத்தார்கள். பெர்சியின் மூச்சு தூரத்துக்குப் போனது. வேறொரு மூச்சு பக்கத்துக்கு வந்தது. அந்த மூச்சு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. வெகுகாலம் மூச்சு விடாதவன் இழுக்கிற மூச்சு.

"மச்சான்." செபாஸ்டினின் குரல் இல்லை. மணலும் தண்ணீரும் கலந்த குரல். "நான் மேல வந்துட்டேன். இனி விட்டுரு."

பெவின் அலறினான். என்ன அலறினான் என்று அவனுக்கே தெரியாது. காலைத் தோணி விளிம்பில் முட்டுக்கொடுத்து, முதுகை வில்லாக வளைத்து இழுத்தான். தோளில் ஏதோ அறுந்தது. கயிறு ஒரு முழம் வந்தது. இன்னும் ஒரு முழம்.

தண்ணீரில் முடி தெரிந்தது.

முகம் தெரிந்தது. செபாஸ்டின். ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே. கைபேசித் திரையின் நீல வெளிச்சம் பலகை இடுக்கு வழியாக அவன் மேல் விழுந்தது. கண் திறந்திருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து குமிழி வரவில்லை. இமை மட்டும் மூடித் திறந்தது.

ஒரு சாண். ஒரே ஒரு சாண்.

"வாலே! வந்துருலே!"

வரவில்லை. மலையைக் கட்டி இழுப்பது போல் கனத்தது. எதில் மாட்டியிருக்கிறான்? கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பெவின் குனிந்தான். தோணி விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டினான். கண்ணைத் தண்ணீருக்குப் பழக்கினான்.

செபாஸ்டினின் கணுக்காலில் இரண்டு கைகள் இருந்தன.

அந்தக் கைகளுக்குக் கீழே ஒரு முகம். அந்த ஆளின் காலில் இன்னும் இரண்டு கைகள். அவற்றின் கீழே ஒரு முகம். இடுப்பில் கோவணமும் கழுத்தில் சிப்பிப் பையுமாக ஆட்கள். ஒருவன் காலை ஒருவன் பிடித்து, கிணற்றின் அடியையும் தாண்டி, நீல வெளிச்சம் இறங்கும் ஆழம் வரைக்கும் ஆட்கள். ஒருவரும் துடிக்கவில்லை. ஒருவரும் தள்ளவில்லை. அத்தனை முகங்களும் அண்ணாந்து, மேலே ரத்தம் சொட்டுகிற அந்த இரண்டு கைகளையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

கைபேசியில் பெர்சி, "அண்ணே" என்றாள்.

மச்சான் என்று கூப்பிட, கீழே எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன.